பார்சலுக்குப் பதினெட்டு ரூபாய் மிச்சம்

ஒரு மனிதன் மேல் வைக்கிற நம்பிக்கைக்கு, 2009 ஆவணி மாத நிலவரப்படி, கம்பத்தில் விலை பதினெட்டு ரூபாய். அரைக்கிலோ பார்சல் ஒன்றுக்கு. ஏலக்காய்க்கும் திராட்சைக்கும் தேங்காய்க்கும் விடிந்ததும் ஒரு விலை சொல்லிவிடுகிற ஊரில், இதற்கு மட்டும் அதுவரை யாரும் விலை கேட்டதில்லை. விஜயபாண்டி கேட்டான். கேட்டதோடு விடாமல், அது தனக்குத் தேவையில்லை என்று கழித்தும் விட்டான்.

அவன் பேரத்திலேயே வளர்ந்தவன். அப்பா வேலுச்சாமிக்குக் கம்பத்தில் ஏலக்காய்க் கடை. பையன் நடை பழகியதே மூட்டைகளைப் பிடித்துக்கொண்டுதான். கல்யாணத்துக்கு மேளம் பேசப் போனபோது, "நாயனத்துக்கு ஒண்ணு, தவிலுக்கு ஒண்ணா? சேத்து எடுத்தா என்ன கொறைப்பீக?" என்று கேட்டவன். பல் பிடுங்கப் போன இடத்தில், ரெண்டாவது பல்லுக்கு என்ன சலுகை என்று கேட்கப் போய், டாக்டர் ஒரு பல்லையும் பிடுங்காமல் அனுப்பிவைத்தார்.

கடையில் அவன் கற்ற பாடம் சின்னது. முதல் விலைக்குச் சிரிக்க வேண்டும். ரெண்டாவது விலைக்கு வானத்தைப் பார்க்க வேண்டும். மூன்றாவதுக்கு எழுந்து நடந்துவிட வேண்டும். படி இறங்குவதற்குள் எதிராளி கூப்பிடுவான். கூப்பிட்ட பிறகு சொல்கிற விலைதான் விலை. அதற்கு முன்னால் பேசியதெல்லாம் தொண்டையைச் செருமிக்கொண்டது.

அவன் மனைவி நாகஜோதிக்கு இந்தச் சாத்திரம் ஆகாது. மார்க்கையன்கோட்டைப் பெண். கம்ப்யூட்டர் படித்துவிட்டு, கோயம்புத்தூரில் ரெண்டு வருஷம் வேலை பார்த்து, கல்யாணத்துக்காக அதை விட்டுவிட்டு வந்தவள். கடைக்குப் பின்னால் மூட்டை அடுக்குகிற அறை ஒன்றைக் காலி செய்து கேட்டாள். ஒரு கம்ப்யூட்டர், ஒரு போன் லைன், ஒரு சின்னத் தராசு. இணையத்தில் ஏலக்காய் விற்கப் போகிறேன் என்றாள்.

வேலுச்சாமிக்கு ஏலக்காயை மோந்து பார்க்காமல், கையில் உருட்டிப் பார்க்காமல் வாங்குகிறவன் மனிதனே இல்லை. "ஏம்மா, படத்தப் பாத்துப் பொண்ணு கட்டுறான், சரி. படத்தப் பாத்து ஏலக்கா வாங்குவானா?" என்றார். இருந்தாலும் மருமகள் கேட்டாள் என்று கொடுத்தார். சும்மா கொடுத்தால் அவர் வேலுச்சாமி இல்லையே. "அடுத்த வருசத் தீபாவளி வரைக்கும் வச்சுக்க. அதுக்குள்ள தன் கால்ல நின்னா ரூமு ஒனக்கு. இல்லேன்னா மூட்டைக்கு."

நின்றது. புனேயிலும் டெல்லியிலும் அகமதாபாத்திலும் மோந்து பார்க்காமல் வாங்குகிறவர்கள் இருந்தார்கள். நூறு கிராம் வாங்கியவர்கள் மறுமாதம் கால் கிலோ கேட்டார்கள். நாகஜோதி ஒவ்வொரு பொட்டலத்திலும் நிறுத்த எடைக்கு மேல் ஒரு கை அள்ளிக் கொசுறாகப் போடுவாள். "இதென்ன கூடுதலாக இருக்கிறது, தவறுதலா?" என்று டெல்லியிலிருந்து ஒரு அம்மா எழுதிக் கேட்டாள். கொசுறு என்பதை இங்கிலீஷில் விளக்குவதற்குள் நாகஜோதிக்கு அரை மணி நேரம் ஆயிற்று. அந்த அம்மா தன் தெருவுக்கே சொல்லிவிட்டாள்.

இத்தனைக்கும் சரக்கைச் சுமந்தவர் ஜேசுராஜ். உத்தமபாளையத்தில் தென்முனை பார்சல் சர்வீஸுக்கு ஏஜென்ட். அப்பா கடமலைக்குண்டில் வாத்தியாராக இருந்தவர். வீட்டில் யாரும் எதையும் விற்றுப் பழக்கமில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு டி.வி.எஸ். ஃபிப்டியில் கம்பம் வந்து, சாக்கில் பார்சல்களை வாங்கிக் கட்டிக்கொண்டு போவார். அரைக்கிலோவுக்கு அறுபத்து மூன்று ரூபாய். இந்தியாவில் எங்கே என்றாலும்.

குறை இல்லாத ஆள் என்று சொல்லிவிட முடியாது. தென்முனையின் தலைமை ஆபீஸ் நாகர்கோவிலில் இருந்தது. கம்பத்திலிருந்து டெல்லிக்குப் போகிற பார்சல் முதலில் தெற்கே கன்னியாகுமரிப் பக்கம் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டுத்தான் வடக்கே திரும்பும். எட்டு நாள், சில சமயம் பத்து. ஒருமுறை நாக்பூர் பார்சல் நாகர்கோவிலிலேயே ஒரு மாதம் குடியிருந்தது. ஜேசுராஜ் அதற்கு வெட்கப்பட்டு, தன் காசில் ஆள் அனுப்பி எடுத்துவந்து, வேறு பெட்டி கட்டி அனுப்பினார். பார்சல் தாமதமானால் வாங்குகிறவருக்கு அவரே போன் போடுவார். அவருக்குத் தெரிந்த இந்தி நாலு வார்த்தை. அந்த நாலில் ஒன்று 'நாளைக்கு'. எதிர்ப்பக்கம் சிரித்துவிடுவார்கள், சிரித்தவர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்பதில்லை.

ஆவணி நடுவில் மதுரையிலிருந்து சூரியபிரகாஷ் வந்தான். ககன்வேக் எக்ஸ்பிரஸ் என்கிற பெரிய கம்பெனியின் விற்பனை அதிகாரி. கழுத்தில் டை, தோளில் லேப்டாப், அந்த வெயிலுக்கு ரெண்டும் வேர்த்திருந்தன. விமானத்தில் போகும், டெல்லிக்கு மூன்றே நாள், ஒவ்வொரு பார்சலுக்கும் ஒரு நம்பர், அந்த நம்பரைத் தட்டினால் சரக்கு எங்கே நிற்கிறது என்று கம்ப்யூட்டரே சொல்லும் என்றான். நாகஜோதி ஆசையோடு பார்த்தாள். விலை கேட்டாள். எழுபத்தைந்து என்றான்.

"வேகம் நல்லாத்தான் இருக்கு," என்றாள் அவன் டீ குடிக்கப் போனதும். "தீபாவளிக்கு அவசரமாக் கேக்குறவுகளுக்கு மட்டும் இவங்ககிட்டக் குடுப்போம். மத்ததெல்லாம் ஜேசண்ணன்கிட்டயே போகட்டும். அவருகிட்ட ரெண்டு ரூபா கொறைச்சுக் கேளுங்க, போதும். ஆள விட்டுறாதீக."

"பேரத்த எங்கிட்ட விடு ஜோதி," என்றான் விஜயபாண்டி. "நீ கம்ப்யூட்டரப் பாரு."

அந்த மத்தியானம் அவன் வாழ்க்கையின் சிறந்த பேரம் நடந்தது. எழுபத்தைந்துக்குச் சிரித்தான். அறுபத்தெட்டுக்கு மேகமலையைப் பார்த்தான். அறுபதுக்கு எழுந்து நடந்தான், சூரியபிரகாஷ் கூப்பிட்டான். ஐம்பத்தைந்தில் இன்னொரு டீ. ஐம்பதில் அன்று இங்கிலீஷ் மாதக் கடைசி என்பதைக் கண்டுபிடித்தான். பையனுக்கு இலக்கு முடிக்க இன்னும் கொஞ்சம் பாக்கி. அதைக் கண்ட பிறகு சூரியபிரகாஷ் கத்தியடியில் இருக்கிற வாழைக்காய். நாற்பத்தைந்துக்கு முடிந்தது, எல்லாச் சரக்கையும் ககன்வேக்குக்கே கொடுப்பது என்ற நிபந்தனையோடு.

வேலுச்சாமி மகனைப் பார்த்துப் பூரித்துப்போனார். "ஏலே, எழுவத்தஞ்ச நாப்பத்தஞ்சு ஆக்கிட்டயே! நானா இருந்தாக்கூட அம்பதுல நிறுத்தியிருப்பேன்." நாகஜோதி, "அந்த மதுரைக்காரரு இதுல என்னத்தச் சம்பாதிப்பாரு?" என்று மட்டும் கேட்டாள். அது எதிராளியின் கவலை என்றான்.

கையெழுத்துப் போடுமுன் மறுநாள் உத்தமபாளையம் போனான். உண்மையில் அவனுக்கும் ஜேசுராஜை விட மனசில்லை. நாற்பத்தைந்தைக் காட்டி அவரை ஐம்பத்தைந்துக்குக் கொண்டுவந்துவிட்டால், மதுரைக்காரனை விட்டுவிடலாம் என்பது உள்கணக்கு. ஆனால் உள்கணக்கை வெளியே சொல்கிறவனுக்கு வியாபாரம் எதற்கு?

"நாப்பத்தஞ்சு சொல்லுறான்ணே," என்றான். "நீங்க என்ன சொல்லுறீக?"

ஜேசுராஜ் சிரிக்கவுமில்லை, வானத்தைப் பார்க்கவுமில்லை. "அறுவத்து மூணுல அம்பத்திரண்டு நாகர்கோவிலுக்குப் போயிரும் தம்பி. பதினோரு ரூபா எனக்கு. பெட்ரோலும் போனும் அதுலதான். வேணும்னா ரெண்டு ரூபா கொறைச்சுக்கிறேன்."

"அறுவத்தொண்ணா? நாப்பத்தஞ்சு எங்கன இருக்கு, அறுவத்தொண்ணு எங்கன இருக்கு?"

"எம்மனசறிஞ்சு அதான் தம்பி முடியும்."

விஜயபாண்டி எழுந்தான். "அப்பச் சரிண்ணே. வாரேன்."

நடந்தான். கடைக்கு மூன்று படி. முதல் படியில் வேட்டியை அவிழ்த்துக் கட்டினான். ரெண்டாவதில் செருப்புக்குள் இல்லாத கல்லைத் தட்டினான். மூன்றாவதில் நின்று, எதிரே கறிக்கடைப் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தான். பின்னால் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. இதோ என்று நினைத்தான். ஜேசுராஜ் மின்விசிறியைக் கூட்டி வைக்கத்தான் எழுந்திருந்தார். பைக்கை உதைத்தான், வேண்டுமென்றே ரெண்டு உதையில் கிளம்பாமல் பார்த்துக்கொண்டான். மூன்றாவது உதையில் வண்டி அவனைக் கேட்காமலே கிளம்பிவிட்டது.

திரும்பிப் போய் "சரிண்ணே, அறுவத்தொண்ணு" என்று சொல்லியிருக்கலாம். நடந்து போனவன் தானாகத் திரும்பினால் அதற்குக் கம்பத்தில் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரோடு அப்பா முகத்தில் விழிக்க அவனுக்குத் தைரியமில்லை. மதுரைக்குப் போன் போட்டான்.

புரட்டாசி பாதி வரைக்கும் எல்லாம் பட்டுப்போல் நடந்தது. டெல்லி மூன்று நாள், பம்பாய் ரெண்டு நாள். வேலுச்சாமிகூடத் திரையருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இந்தா, நம்ம பொட்டலம் பெங்களூரு தாண்டிருச்சு" என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரிச் சொன்னார். ஒரு சின்ன மாற்றம் மட்டும். ககன்வேக்கின் எடை மிஷினுக்குக் கொசுறு புரியாது. அரைக்கிலோவுக்கு மேல் அஞ்சு கிராம் போனாலும் ஒரு கிலோக் கூலி. விஜயபாண்டி கொசுறை நிறுத்தச் சொன்னான். டெல்லி அம்மா எழுதினாள்: இந்தத் தடவை கூடுதல் இல்லையே, நான் எதுவும் தப்பாகச் சொல்லிவிட்டேனா? நாகஜோதி அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்து, எழுதாமல் எழுந்துவிட்டாள்.

தீபாவளிக்கு அவள் ஒரு பரிசுப் பெட்டி போட்டிருந்தாள். எட்டு எம்.எம். பருமன் ஏலக்காய், மிளகு, கிராம்பு, சின்னதாக ஒரு ஜாதிக்காய், நானூற்றைம்பது ரூபாய். ஆர்டர் குவிந்தது. அறை போதாமல் கடை முன்கட்டில் வைத்துக் கட்டினார்கள். பன்னிரண்டு நாள் முன்னதாகவே கடைசி இருநூற்றுப் பன்னிரண்டு பெட்டிகளையும் ககன்வேக் வேனில் ஏற்றிவிட்டு, "ரூமு எனக்குத்தான் மாமா" என்று நாகஜோதி மாமனாரிடம் சொன்னாள். அவர் மறுக்கவில்லை.

திரையில் 'மதுரை வந்து சேர்ந்தது' என்று வந்தது. மறுநாளும் அதுவே. அதற்கு மறுநாளும் அதுவே. நம்பரைத் தட்டினால் எங்கே நிற்கிறது என்று சொல்லும் என்றானே, உண்மைதான். நின்றுகொண்டே இருக்கிறது என்று சொன்னது. சூரியபிரகாஷ் முதல் நாள் "நாளைக்குக் கிளம்பிரும் சார்" என்றான். ரெண்டாம் நாள் கூட்டத்தில் இருந்தான். மூன்றாம் நாள் அவன் போனில் ஒரு பெண் மூன்று மொழிகளில் மன்னிப்புக் கேட்டாள். இங்கே நாகஜோதியின் போன் ஓயவில்லை. சம்பந்தி வீட்டுக்குக் கொடுக்க, ஆபீஸில் கொடுக்க என்று வாங்கியவர்கள். அவளுக்கு நல்ல இந்தி தெரியும். அதனால் அவர்கள் சொன்னதெல்லாம் அவளுக்குப் புரிந்தது.

தீபாவளிக்கு ஆறு நாள் இருக்கும்போது விஜயபாண்டி மதுரை போனான். ரிங் ரோட்டில் கல்யாண மண்டபம் போல் ஒரு கிட்டங்கி. உள்ளே கூரை வரை பெட்டி. ஒரு மூலையில், யாருடைய டி.வி. பெட்டிகளுக்கோ அடியில், நாகஜோதி ஒட்டிய பச்சை லேபிள்கள் தெரிந்தன. மேற்பார்வையாளர் பொன்னுராஜ் என்று ஒருவர், வேர்வையைத் துண்டால் துடைத்துக்கொண்டே நம்பரைப் பார்த்தார்.

"இதா? இது தள்ளுபடிச் சரக்கு சார். முழு ரேட்டு ஏறுனதுக்கப்புறம் எடம் இருந்தா ஏறும். தீபாவளி வரைக்கும் எடம் இருக்காது."

யாரும் விஜயபாண்டிக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. கம்பத்தில் அவர்கள் கடையிலும் இதே வழக்கம். ரத்தம் வரப் பேரம் பேசி வாங்குகிறவருக்கு வேலுச்சாமி முகம் கோணாமல் விலையைக் குறைப்பார். பிறகு உள்ளே திரும்பி, "அந்த அடி மூட்டையப் பிரிப்பா" என்பார். மட்டச் சரக்கு அதில்தான் இருக்கும். விலையில் தோற்றவன் சரக்கில் ஜெயிப்பான். அந்த அடி மூட்டையை எத்தனை தடவை அவனே தன் கையால் பிரித்திருக்கிறான்! தன் பேரத்துக்கும் எங்கேயோ ஒரு அடி மூட்டை பிரியும் என்று மட்டும் அவனுக்குத் தோன்றவே இல்லை.

"முழு ரேட்டே குடுத்துறேன்," என்றான். "எழுவத்தஞ்சு. இப்பவே ரொக்கம்."

"அப்படி வாங்குற வழி இல்லியே சார்."

"நூறு தாரேன்."

பொன்னுராஜ் அவனை இரக்கத்தோடு பார்த்தார். "நூத்தம்பது குடுத்தாலும் நான் என்ன சார் பண்ணுவேன்? அந்த ரேட்டு பம்பாய்ல கம்ப்யூட்டர்ல ஏறியிருக்கு. அதுகிட்டப் போயி நீங்க பேச முடியாது. நானும் பேச முடியாது."

வாழ்க்கையில் முதல் தடவையாக விலையைத் தானே ஏற்றிக்கொண்டு போனான். எதிரே வாங்க ஆள் இல்லை. எழுந்து நடந்தால் கூப்பிடவும் யாரும் இல்லை.

ஒரு மணி நேரம் கெஞ்சி, எழுதிக் கொடுத்துவிட்டு, பெட்டிகளை வெளியே எடுத்தான். வேன் பிடித்து ஏற்றினான். ஜேசுராஜ் கையில் கொடுத்தால் நாலு வார்த்தை இந்தியாவது பேசுவார், தாமதமானாலும் ஜனம் பொறுத்துக்கொள்ளும் என்று உத்தமபாளையம் வந்தான்.

தென்முனைப் பலகை இருந்த இடத்தில் ரெண்டு ஆணிகள் இருந்தன. ஜேசுராஜ் உள்ளே செல்போன் ரீசார்ஜ் கார்டு விற்றுக்கொண்டிருந்தார். வேனைப் பார்த்தார், பச்சை லேபிளைப் பார்த்தார், புரிந்துகொண்டார்.

"ஏஜென்சிய எடுத்துட்டாக தம்பி. மாசம் இருநூறு பார்சல் இல்லேன்னா வச்சுக்கிற மாட்டாக. ஒங்க சரக்குதான் அதுல முக்காவாசி."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லண்ணே."

"என்னத்தச் சொல்ல? ஒங்களுக்குக் கட்டுபடியாகல, எந்திரிச்சுப் போயிட்டீக. போறவகளக் கூப்பிட்டுச் சங்கடப்படுத்தக் கூடாதுன்னு இருந்துட்டேன். அம்பத்தெட்டுக்கு இறங்கலாமான்னு யோசிச்சேன். அதுக்குள்ள வண்டிய எடுத்துட்டீக."

விஜயபாண்டி அந்த மூன்று படிகளைத் திரும்பிப் பார்த்தான். "நீங்க கூப்பிடுவீகன்னுதானண்ணே மெதுவா நடந்தேன்."

ஜேசுராஜ் அவனை உற்றுப் பார்த்தார். "அப்படியா?" என்றார். "எனக்குத் தெரியாதே தம்பி. செருப்பு கடிக்குது போலன்னு நெனச்சேன்."

கிடைத்த வழியிலெல்லாம் அனுப்பினார்கள். எல்லாம் தீபாவளி முடிந்து போய்ச் சேர்ந்தன. பதினாலு பேர், டெல்லி அம்மாவும் அதில் ஒருத்தி, பணம் வேண்டாம், ஏலக்காய் நன்றாக இருக்கிறது என்று எழுதினார்கள். மற்றவர்கள் கேட்டார்கள், நாகஜோதி ஒருவர் விடாமல் திருப்பினாள். இணையத்தில் கடையின் பெயருக்குக் கீழே ஜனங்கள் எழுதியதை அவள் வாசித்தாள், அவனை வாசிக்க விடவில்லை.

வேலுச்சாமி சொன்ன சொல் மாறாதவர். கார்த்திகை முதல் வாரம் அறைக்கு மூட்டைகள் வந்தன. நாகஜோதி கம்ப்யூட்டரை அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டினாள். உத்தமபாளையத்தில் ஒரு கல்லூரியில் வேலை கிடைத்தது. காலை எட்டு மணி பஸ்ஸுக்குப் போக ஆரம்பித்தாள். ஒரு நாளும் அவனைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் ஏதாவது பதில் சொல்லி, பேசி, ஒரு விலைக்கு வந்திருப்பான்.

ஜேசுராஜுக்கு ஒரு கவரில் பணம் கொண்டுபோனான். பார்சலுக்குப் பதினொன்று வீதம், ககன்வேக்கில் ஏறிய, அவர் சுமந்திருக்க வேண்டிய அறுநூற்று நாற்பதுக்கும். "போகாத பார்சலுக்குக் கூலியா தம்பி?" என்று அவர் திருப்பிக் கொடுத்தார். ஐநூறாவது எடுத்துக்கொள்ளச் சொன்னான். சிரித்தார், எடுக்கவில்லை.

தை பிறந்ததும், கடை கணக்கு முடிக்கிற அன்று, அவன் இந்தக் கணக்கையும் தனித்தாளில் எடுத்தான். நாகஜோதி பக்கத்தில் பாட நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

"ஜோதி, ஒன் பேருக்கு என்ன எழுதட்டும்?"

அவள் நிமிரவில்லை. "நீங்கதான வெலை பேசுறவுக. நீங்களே ஒண்ணு சொல்லுங்க."

அவன் சிரிக்கவில்லை; மலையைப் பார்க்கவில்லை; எழுந்து நடக்கவும் இல்லை. தெரிந்ததை மட்டும் எழுதினான்.

வரவு: கூலியில் மிச்சம், ரூ. 11,520.
செலவு: திருப்பிக் கொடுத்தது, பெட்டி 198க்கு, ரூ. 89,100. மதுரை வேன் வாடகை, ரூ. 2,800.
ஆக நட்டம், ரூ. 80,380. கடைப் பணத்தில் கட்டியாயிற்று.
ஜேசுராஜ் வகையில் பாக்கி, ரூ. 7,040. வாங்க மாட்டேன் என்கிறார்.
நாகஜோதி வகையில் பாக்கி, ரூ.